சாங்கி – கென்னடி வான்வழி: தூரமும் காலமும் குறித்த ஒப்பாய்வு

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த கணக்கு இது. உலகில் எந்த இரண்டு ஊர்களும் சுமார் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்க வழியில்லை என்பதால், அதில் முக்கால் பங்குக்கும் மேல் ஒரே தாவலில் தீர்ந்துவிடுகிறது. தூரவியல் முற்றிற்று.

காலவியல் அவ்வளவு லேசில் முற்றாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350 விமானம் எங்கும் நிற்காமல் 19 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறக்கிறது. முதல்நூலாகிய டிக்கெட்டோ, நள்ளிரவையொட்டிப் புறப்பாடு, விடியற்காலையில் வருகை என்கிறது. கழித்துப் பார்த்தால் ஆறேழு மணி நேரம்தான் தேறும். நியூயார்க் கடிகாரம் கோடையில் 12, குளிர்காலத்தில் 13 மணி நேரம் பிந்தி ஓடுவதே காரணம் என்பர் பாமரர். முன்னிருக்கையின் முதுகிலுள்ள திரை என்னும் உரைநூல், காற்றைப் பார்த்துப் பார்த்துத் தன் பாடத்தைத் திருத்திக்கொண்டே வரும். கிழக்கு நோக்கிப் பாயும் மேல்வான் காற்றைப் பிடிக்க விமானம் பசிபிக் பக்கம் சுற்றிப் போவதுண்டு. சுற்றினாலும் சீக்கிரம் சேரும்.

தூரம் கூடினால் நேரம் கூடும் என்ற பள்ளிக்கூடக் கொள்கையைத் தகர்க்கும் சான்று இலங்கையில் இருக்கிறது. 1943 முதல் 1945 வரை, குவாண்டாஸின் கேட்டலினா கடல்விமானங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கு வந்து போயின. சுமார் 5,600 கிலோமீட்டர். ஆன நேரம் 27 முதல் 33 மணி. ஜப்பானியர் காதில் விழாமலிருக்க வானொலியை அடக்கிவிட்டு, நட்சத்திரம் பார்த்து வழி கண்டார்கள். பயணிகள் மூவருக்கு மேல் இல்லை. வானத்திலேயே இரண்டு சூரியோதயம் பார்த்ததற்குச் சான்றிதழும் கிடைத்தது. ஆகவே, தூரம் குறையக் குறைய நேரம் கூடும் என்பது சூத்திரம். இரண்டே தரவுகளா என்று கேட்கலாம். ஒற்றைச் சொல்லாட்சியைப் பிடித்துக்கொண்டு ஒரு காப்பியத்தை ஐந்நூறு ஆண்டு முன்னும் பின்னும் இழுக்கும் துறையில் இரண்டு என்பது தாராளம்.

பெட்டியின் எடை பற்றி முன்னோர் கூறியதே போதும்.

இனி, செவ்வாய்க்கிழமைச் சிக்கல். நியூயார்க்கில் திங்கள் இரவு ஏறுபவர் சிங்கப்பூரில் இறங்குவது புதன் விடியற்காலை. நடுவில் செவ்வாய் எங்கே போயிற்று? செவ்வாய் வானத்தில் நிகழ்ந்தது என்பர் சன்னலோரக் குழுவினர். செவ்வாய் ஓர் இடைச்செருகல் என்பர் நடைபாதைக் குழுவினர். இருவரையும் மறுக்கிறது நடு இருக்கைக் குழு: இருக்கைப் பையின் வாந்தி உறையில், பின்புறம், பால்பாயிண்ட் பேனாவால், முன்பு அமர்ந்தவர் எழுதியிருந்த குறிப்பை அது எடுத்துக்காட்டுகிறது. குறிப்பின் முதலெழுத்து ‘செ’ என்பது தெளிவு. மிச்சத்தைக் காபிக்கறை தின்றுவிட்டது. அது ‘செவ்வாய்’ அன்று, ‘செருப்பு’ என்று பாடம் கொள்வாரும் உளர். அவர்களுக்கு மறுப்பு, பாதுகாப்பு அட்டையின் மூன்றாம் படத்தில், மஞ்சள் மிதவையணிந்த மாதின் காலடியில் காண்க. அதற்கு மறுமறுப்பு அதே அட்டையின் மடிப்பில்.

செவ்வாயன்று அசைவம் தொடாத பயணிக்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அன்று. கோழியா, காய்கறியா என்று தட்டோடு நிற்கும் பணிப்பெண்ணிடம் முத்தரப்பு வாதத்தையும் முறையாக எடுத்துரைக்கத் தொடங்கினால், வண்டி அடுத்த வரிசைக்குப் போய்விடும். திரும்பி வரும்போது கோழி மட்டும்தான் மிச்சமிருக்கும்.