கணையத்துக்கு ஒரு கேஸ் மாத்திரை

தமிழ்நாட்டில் வயிற்று வலிக்கு ஒரே பெயர்தான்: கேஸ். மேல்வயிற்றில் கிளம்பி முதுகைத் துளைத்துக்கொண்டு போகிற வலியா? கேஸ். சாப்பிட்டதும் சுருட்டிப் போட்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டுகிற வலியா? அதுவும் கேஸ்தான். மருந்துக்கடைக்காரர் சொல்வார், மாமியார் சொல்வார், எம்.பி.பி.எஸ். படித்தவரும் சொல்வார். இந்த ஒரு பாடத்தில் மட்டும் மூவருக்கும் ஒரே சிலபஸ்.

ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரை. பிறகு குடலேற்றம் என்று எண்ணெய் போட்டுத் தட்டினார்கள். பிறகு ஸ்கோப் போட்டு ‘லேசா அல்சர்’ என்றார்கள். அடுத்து குடல்வாலை எடுத்தே விட்டார்கள். குடல்வால் போனது, வலி போகவில்லை. உடம்பு இளைத்தது, மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தது. அதைக் கேட்க டாக்டருக்கு நேரமில்லை, சொல்ல அவளுக்குக் கூச்சம். கடைசியில் சர்க்கரையும் வந்தது. ‘பரம்பரையா இருக்கும்’ என்று அதற்குத் தனியாக ஒரு சீட்டு.

யாரோ புண்ணியவான் அமைலேஸ், லைப்பேஸ் என்று கணையத்துக்கான ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். இரண்டும் நார்மல். ‘எல்லாம் மனசுதாம்மா, யோகா பண்ணுங்க.’ நாள்பட்ட கணைய அழற்சியில் இந்த அளவுகள் பெரும்பாலும் ஏறுவதில்லை. கசியவிட அந்தக் கணையத்தில் மிச்சம் கிடையாது. எரிந்து சாம்பலான வீட்டில் புகை வரவில்லை, ஆகவே தீயே பிடிக்கவில்லை என்று சான்றிதழ் கொடுப்பது போன்ற மருத்துவம் இது.

ஒருவழியாகப் பெரிய டாக்டர் கணையத்தைப் பிடித்துவிட்டார். உடனே நீதிமன்றம் கூடியது.

“குடிப்பழக்கம் உண்டா?”

“இல்லீங்க டாக்டர்.”

“வீட்டுக்காரர்?”

“அவரு குடிப்பாருங்க. அவருக்கு வயிறு நல்லாத்தானுங்க இருக்குது.”

டாக்டர் நம்பவில்லை. குடித்தவர் என்றால் ‘பட்டாத்தான் தெரியும்’. குடிக்காதவர் என்றால் ‘பொய் சொல்றே’. நள்ளிரவில் வலி தாங்காமல் அவசரப் பிரிவுக்குப் போனால் ‘ஊசிக்கு அடிமை’ என்று மூன்றாவது பட்டம். குடியை விசாரிப்பது தப்பில்லை. குடியும் புகையும் இந்த நோயின் பெரிய காரணங்கள்தான். ஆனால் காரணத்தைத் தேடிக் கேட்பது வேறு, குற்றவாளியைத் தேடிக் கேட்பது வேறு.

அவமானம் என்னவென்றால், குடிக்காதவர்களுக்கும் இளவயதிலேயே கணையத்தில் கல் விழுந்து சர்க்கரை வரும் என்பதை உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர் பக்கத்துக் கேரளத்து டாக்டர். பி.ஜே. கீவர்கீஸ் 1968-லேயே அதைத் தனிப் புத்தகமாகப் போட்டார். 1985-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த வகைச் சர்க்கரையைத் தன் பட்டியலில் சேர்த்தது. மரவள்ளிக் கிழங்கின் மேல் பழி போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. பிறகு ஸ்பிங்க்-1 என்ற மரபணுக் கோளாறு பலரிடம் தெரியவந்தது. உலகப் பாடநூலுக்கு உதாரணம் கொடுத்த மண் இது. அந்தப் பாடநூலைத் திறக்கத்தான் இங்கே ஆளில்லை. இத்தனைக்கும் முற்றிய கல் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே வெள்ளை வெளேரென்று தெரியும்.

கண்டுபிடித்த பிறகாவது விடிந்ததா? என்சைம் கேப்சூல் எழுதுவார்கள்: காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின். ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 யூனிட் லைப்பேஸாவது, அதுவும் சோற்றோடு சோறாக உள்ளே போக வேண்டும் என்பதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. கணையக் குழாயில் ஸ்டென்ட் வைப்பார்கள், எடுப்பார்கள், மறுபடி வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பில். அந்தக் குழாய் அடைத்துக் கடும் வலியில் கிடப்பவர்களுக்குக் காலம் தாழ்த்தாமல் அறுவை செய்தால் வலி அதிகம் குறைகிறது என்று 2020-ல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. இங்கே நகையெல்லாம் அடகுக்கடைக்குப் போன பிறகுதான் ‘ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாமா’ என்ற பேச்சே எழுகிறது.

அரசு சும்மா இருக்கிறதா? இல்லவே இல்லை. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது. பாட்டிலில் கேடு என்று அச்சடித்துவிட்டு அதே பாட்டிலை விற்கிற நேர்மை வேறு யாருக்கு வரும்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் உண்டு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். புருஷனும் பெண்டாட்டியும் தறியில் நின்றால் கோட்டைத் தாண்டிப் பணக்காரர் ஆகிவிடுகிறார்கள். தினம் விழுங்கும் கேப்சூலுக்கோ கைக்காசுதான். எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டு பார்க்க, கல்லை அதிர்வலையில் உடைக்க, பெருநகரத்துக்கு பஸ் ஏறு; ஒருநாள் கூலியை விடு; வராண்டாவில் படு.

சந்துக்குச் சந்து கடை திறக்க இடம் பார்க்கத் தெரிந்த அரசே, மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் ஒரு கேஸ்ட்ரோ டாக்டரை உட்காரவை. என்சைம் கேப்சூலை இலவசமாகக் கொடு. வலி என்று வருபவரை முதலில் நம்பச் சொல்லிக்கொடு. நிதி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. கல்லா எங்கே நிறைகிறது என்று ஊருக்கே தெரியும்.