முருங்கை மரத்து வீட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர், புதுதில்லி

அனுப்புநர்: முருங்கை மரத்து வீட்டுக்காரன், லாஸ்பேட்டைக்கும் பட்டானூருக்கும் நடுவில், ஒழுகரை நகராட்சி, புதுச்சேரி

பொருள்: நாங்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறோம் என்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவை வைத்து எங்களை எண்ணப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். 2021இல் வருவீர்கள் என்று வாசல் தெளித்து வைத்திருந்தோம். கொரோனா வந்தது, நீங்கள் வரவில்லை. கொரோனா போன பிறகும் வரவில்லை. 2011இல் எழுதிய உங்கள் ஏட்டில் என் மகளுக்கு இன்னும் நாலு வயசு. கணக்குப்படி அங்கன்வாடியில் சுண்டல் தின்ன வேண்டியவள், ஸ்கூட்டி வேண்டுமென்று தினமும் சண்டை போட்டுவிட்டுக் காலேஜ் போகிறாள்.

இந்த முறை விவரங்களை நாங்களே மொபைலில் பதிந்துகொள்ளலாமாம். ஒத்திகை பார்க்கலாமே என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுத உட்கார்ந்தேன். பெயர், வயது, தொழில் எல்லாம் சரளமாக வந்தன. முகவரி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கணக்கெடுப்புக்கு முன்னால் எல்லைகளை உறைய வைப்பது உங்கள் வழக்கம். மாற்றம் ஏதும் இருந்தால் 2025 டிசம்பர் 31க்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருந்தீர்கள். பேப்பரில் அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், அடுப்பங்கரையில் இருந்த வீட்டுக்காரி கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். எங்கள் எல்லை உறைந்து இருநூறு வருஷம் தாண்டிவிட்டது ஐயா. 1749 வாக்கில் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களுக்கு வில்லியனூரையும் பாகூரையும் எழுதிக்கொடுத்தார். 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி 1816இல் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்ததாவது ஒரே துண்டாக இருந்ததா? தோசைக்கல்லில் மாவு ஊற்றும்போது கை நடுங்கினால் நடுவில் பெரிதாக ஒன்றும் சுற்றிலும் சொட்டுச் சொட்டாகப் பத்துப் பன்னிரண்டும் விழுமே, அந்த மாதிரிதான் புதுச்சேரி மாவட்டத்தின் வரைபடம். கல் தமிழ்நாடு, மாவு நாங்கள். கரண்டி பிடித்தவர்கள் 1954இல் கப்பலேறிவிட்டார்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் அதிகாரி ஒருவரைக் காலாப்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். முத்தியால்பேட்டை முடிந்தவுடன் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு. பிள்ளைச்சாவடி வந்தால் மறுபடி புதுச்சேரி, அப்புறம் காலாப்பட்டு, மத்தியப் பல்கலைக்கழகம். காலையில் வகுப்புக்குக் கிளம்பும் பிள்ளை இட்லி செரிப்பதற்குள் இரண்டு முறை மாநிலம் மாறிவிடும். விழுப்புரம் சாலையிலும் இதே கதைதான்: அரியூர் எங்களுடையது, கண்டமங்கலம் அவர்களுடையது, மதகடிப்பட்டு மறுபடி எங்களுடையது. ஆறோ மலையோ குறுக்கே கிடையாது. பெட்ரோல் பங்க்கில் கூட்டமும் சாராயக்கடைப் பலகைகளும் நெருங்கத் தொடங்கினால் எங்கள் மண்ணை மிதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அஞ்சல்துறை எவ்வளவோ தேவலை. புதுச்சேரிக்கும் 605, கோட்டக்குப்பத்துக்கும் 605 என்று ஒரே எண்ணில் தொடங்கி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. தொலைபேசிக்கும் இரண்டு பக்கமும் 0413தான். கூரியர் பையன்தான் போன் போட்டு, “சார், நீங்க பாண்டியா, தமிழ்நாடா?” என்று கேட்பான். “தெருவுக்கு வாப்பா, சொல்றேன்” என்பேன்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு அடி அகலம். கிழக்கு வரிசை புதுச்சேரி, மேற்கு வரிசை தமிழ்நாடு. எங்கள் வீட்டு முருங்கை மரத்தின் வேர் யூனியன் பிரதேசத்தில், கிளை விழுப்புரம் மாவட்டத்தில். காய்ப்பதெல்லாம் அந்தப் பக்கம்தான். எதிர்வீட்டு அக்கா துறட்டியால் பறித்து, பாதியை வைத்துக்கொண்டு பாதியை எங்களுக்கு அனுப்பிவிடுவார். நதிநீர் ஒப்பந்தம் எதுவும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ராத்திரி எங்கள் வரிசையில் கரண்ட் போனால் எதிர்வரிசையில் பல்பு எரியும். அங்கே போனால் இங்கே எரியும். உடனே ஜன்னல் வழியாக ஒரு ஒயர் தெருவைக் கடக்கும். அதன் முனையில் நாலு மொபைல் சார்ஜ் ஏறும். இரு மாநில மின்பகிர்வு என்று கோப்பில் எழுதினால் முடிய முப்பது வருஷம் ஆகும். அக்கா முப்பது விநாடியில் முடித்துவிடுகிறார்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். 2011இல் புதுச்சேரி யூனியன் பிரதேசம் முழுவதற்கும் 12,47,953 பேர் என்று எண்ணினீர்கள். புதுச்சேரி மாவட்டத்தில் 9,50,289, காரைக்காலில் 2,00,222, ஏனாமில் 55,626, மாஹேயில் 41,816. கூட்டிப் பார்த்தேன், ஒருவர்கூடப் பிசகவில்லை. ஆனால் மாஹேக்காரர் கேரளக் கரையில் மலையாளம் பேசிக்கொண்டிருக்கிறார், ஏனாம்காரர் கோதாவரிக் கரையில் தெலுங்கு பேசிக்கொண்டிருக்கிறார். இவர்கள் எல்லோரும் என்னோடு ஒரே கூட்டலில் வருகிறார்கள். துறட்டியும் கையுமாக நிற்கும் அக்கா மட்டும் வேறு மாநிலத்துத் தொகையில் இருக்கிறார். எங்களுக்கு மட்டும் இப்படி என்று சொல்லவரவில்லை. உங்கள் அலுவலகம் இருக்கும் தில்லியின் நகரக் கணக்கிலேயே நொய்டாவும் குருகிராமும் சேராதே.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. புதுச்சேரி என்றால் நாட்டுக்குத் தெரிந்தது கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூக் கொடி, அதன் கீழே கல்யாணத்துக்கு முன் போட்டோ எடுக்கும் ஜோடி. அந்த நகராட்சியில் 2011இல் இருந்தவர்கள் சுமார் 2.4 லட்சம். பக்கத்தில் புறநகர் என்று அழைக்கப்படும் எங்கள் ஒழுகரை நகராட்சியில் சுமார் 3 லட்சம். தகப்பனைவிடப் பிள்ளை உயர்ந்துவிட்டான்; ஆனாலும் “இது யாரு, பாண்டிக்காரரோட பிள்ளையா?” என்றுதான் கேட்கிறார்கள். மூலக்குளத்திலோ ரெட்டியார்பாளையத்திலோ நின்று யாராவது கல்யாண போட்டோ எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஜிப்மர் எங்கள் எல்லைக்குள். விமான நிலையமும் எங்கள் எல்லைக்குள்; அதன் ஓடுபாதையை நீட்டத்தான் தமிழ்நாட்டு நிலம் வேண்டுமாம். விமானத்துக்கும் எங்கள் முருங்கையின் பிரச்சினைதான்.

இத்தனை பேருக்கும் கவுன்சிலர் யார் என்று உங்கள் கேள்வித்தாளில் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். 1968க்குப் பிறகு எங்களுக்கு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல், 38 வருஷம் கழித்து. அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. நீங்கள் கடைசியாக வந்த அதே வருஷம். அடுத்த தேர்தலுக்கு இன்னும் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ‘கொம்யூன்’ என்ற சொல்லை மட்டும் பஞ்சாயத்துக்கு முன்னால் ஒட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இந்த ஊரில் ஒழுங்காக நடந்த எண்ணிக்கை என்றால் கீழூரில் நடந்ததுதான். 1954 அக்டோபர் 18. ஓட்டுப் போட வந்த பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. ஒரே நாளில் வேலை முடிந்தது.

ஒரு கிராமம் எப்போது நகரமாகிறது என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் விதியையும் படித்தேன். 5,000 பேர் இருக்கவேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் இருக்கவேண்டும், வேலை பார்க்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத தொழில் செய்யவேண்டும். ஆண்களில்! 2011இல் நீங்களே இங்கே 1,000 ஆண்களுக்கு 1,037 பெண்கள் என்று எழுதிவிட்டுப் போனீர்கள். அந்த 1,037 பேர் பஸ் பிடித்து நர்ஸ் வேலைக்கும் கம்பெனிக்கும் துணிக்கடைக்கும் போனாலும் ஊர் நகரமாகாது. வீட்டுக்காரர் வரப்பைவிட்டு இறங்கவேண்டும். இதை வீட்டில் வாய்விட்டுப் படித்தேன். அந்தக் கரண்டி மறுபடி வந்தது.

விவசாயத்தைவிட்டு இறங்குவதற்கு எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலில் கல் நட்டு, கல்லுக்கு வெள்ளை அடித்து, முகப்பில் வளைவு வைத்து, ‘நகர்’ என்று எழுதிவிட்டால் அடுத்த தையில் கிரகப்பிரவேசம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் தங்கள் பழைய தொழிலுக்குத் திரும்பின. ராணுவம் படகோடு வந்தது. மனை வாங்கும்போது யாரும் கேட்காத ஒரு கேள்விக்குத் தண்ணீர் தானாகப் பதில் சொல்லிவிட்டுப் போனது. ஊசுட்டேரியும் பாதி எங்களுடையது, பாதி தமிழ்நாட்டுடையது. அங்கே குளிர்காலத்துக்கு வரும் வாத்துகளைப் பறவை ஆர்வலர்கள் தூரக்கண்ணாடி வைத்து வருஷம் தவறாமல் எண்ணுகிறார்கள். பறவையாகப் பிறந்திருந்தால் இதற்குள் பத்துப் பன்னிரண்டு தடவை கணக்கில் வந்திருப்போம்.

நீங்கள் குறித்திருக்கும் நேரத்தைக் காலண்டரில் பார்த்தேன். ஞாயிறு முடிந்து திங்கள் பிறக்கும் நள்ளிரவு. பாராட்டுகிறேன். சனிக்கிழமை என்று வைத்திருந்தால் சென்னையிலும் பெங்களூருவிலும் பாதிப் பேர் புதுச்சேரிவாசிகளாகிப் போயிருப்பார்கள்.

எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வரும் ஆசிரியரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். அன்று ராத்திரி எங்கள் வரிசையில் கரண்ட் போயிருந்தால் நான் எதிர்வீட்டுத் திண்ணையில்தான் விசிறிக்காற்று வாங்கிக்கொண்டிருப்பேன். பார்த்த இடத்திலேயே எண்ணி என்னைத் தமிழ்நாட்டில் சேர்த்துவிட வேண்டாம். பத்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். அக்கா முருங்கைக்காய் சாம்பார் வைத்திருப்பார். சாப்பிட்டுவிட்டு நானே அவரைக் கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டிக் கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
வேர் மட்டும் புதுச்சேரியில் உள்ளவன்