குதிகால் திருப்பும் சிஸ்டர்

புதுச்சேரியில் கம்பளி சாக்ஸுக்கு ஒரு ஜோலியும் கிடையாது. மார்கழி விடியலில் பால் வாங்கப் போகிறவர்கள் மப்ளர் சுற்றுவதுண்டு. அதுவும் குளிருக்காக அல்ல, காசு கொடுத்து வாங்கிவிட்ட மப்ளருக்காக. மற்றபடி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புதன்கிழமையானால் வெள்ளை சாக்ஸைத் தேடி வீட்டைத் தலைகீழாக்குவதும், ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த தோல் நிறச் சாக்ஸோடு செருப்பு மாட்டுவதும்தான் நம் ஊரின் சாக்ஸ் வரலாறு. அப்படிப்பட்ட ஊரில், கத்திரி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருக்கும் பகல் இரண்டு மணிக்கு, மரத்தடியில் ஒருவர் மடியில் உல்லன் பந்தும் கையில் ஐந்து ஊசியுமாக உட்கார்ந்திருந்தால், அந்த இடம் கோரிமேடு. அவர் ரிட்டயர்டு சிஸ்டர்.

ஒரே ஒருவரைச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இது ஓர் இனம். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசாக 1964-இல் இங்கே ஜிப்மர் மருத்துவமனை வந்தது. அக்கம்பக்கத்தில் நெஞ்சக மருத்துவமனை, இ.எஸ்.ஐ., அன்னை தெரசா பெயரில் ஒரு கல்வி நிறுவனம் என்று வரிசையாக வந்தன. விளைவு, கோரிமேட்டில் கல்லை விட்டெறிந்தால் அது ஒரு நர்ஸ் வீட்டு மாடியில் விழும்; கட்டுப் போடவும் அவரே வருவார். இத்தனை பேரும் ஒருநாள் ஓய்வு பெற்றுத்தானே ஆக வேண்டும்? காலமெல்லாம் பேண்டேஜ் சுற்றிய கைகள் பென்ஷன் வந்த மறுநாளும் எதையாவது சுற்றத் துடிக்கின்றன. சிலர் பக்தியில் இறங்குகிறார்கள், சிலர் சீட்டுப் பிடிக்கிறார்கள். பாக்கியுள்ளவர்களைக் கம்பளி பிடித்துக்கொள்கிறது.

“இந்த வெயில்ல சாக்ஸா சிஸ்டர்?” என்று கேட்டுப் பாருங்கள்.

“வெயில் தலைக்குத்தானே அடிக்குது? காலுக்கா அடிக்குது?” என்பார்.

பதில் சொல்ல நீங்கள் யோசிக்கும் அந்த ஒரு விநாடிதான் அவருக்குத் தேவை. பையிலிருந்து நூல் சிட்டம் ஒன்று வெளியே வரும். “இன்னா தம்பி, சும்மாதானே குந்திகினு இருக்கே? ரெண்டு கையையும் நீட்டு.” நீட்டினீர்கள், தீர்ந்தது. சிட்டம் உங்கள் இரண்டு மணிக்கட்டிலும் மாட்டப்படும். அவர் எதிரே உட்கார்ந்து அதைப் பந்தாகச் சுற்றத் தொடங்குவார். கைகள் நூலுக்குள் இருக்கும்போது போனை எடுக்க முடியாது, மூக்கைச் சொறிய முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. விலங்கு மாட்டுவதில் எங்கள் ஊர்ப் போலீஸுக்கும் இவ்வளவு நேர்த்தி கிடையாது. பந்து முடிவதற்குள் உங்கள் ஊர், சம்பளம், சர்க்கரை அளவு, தங்கச்சிக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்பதெல்லாம் அவர் கணக்கில் ஏறிவிடும். பந்து முடிந்ததும் உங்கள் கையில் ஊசி இருக்கும். அது எப்போது வந்தது என்று இதுவரை யாரும் கண்டதில்லை.

இந்த வேட்டைக்கு ஜிப்மர் வட்டாரத்தைவிடத் தோதான காடு உலகத்தில் இல்லை. திண்டிவனம், விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று நாலா திசையிலிருந்தும் நோயாளியோடு துணைக்கு வந்தவர்கள் இங்கே மரத்தடி மரத்தடியாக இருக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்குப் படுக்கை உண்டு, மருந்து உண்டு. வெளியே இருப்பவருக்குக் கவலை மட்டும்தான் உண்டு. நோயாளியைக் கவனிக்க ஒரு ஆஸ்பத்திரியே இருக்கிறது, துணைக்கு வந்தவரை யார் கவனிக்கிறது என்பது சிஸ்டரின் வாதம். அவர் வைத்தியம் இரண்டு வார்த்தை: நிட், பர்ல். முன்னால் குத்தி எடுத்தால் நிட், பின்னாலிருந்து குத்தி எடுத்தால் பர்ல். ரெண்டு நிட், ரெண்டு பர்ல். செஞ்சிப் பக்கத்து மணிலாக் கொட்டை விவசாயி ஒருவர், மனைவி ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும்போது, உதட்டை அசைத்து “ரெண்டு நிட்டு, ரெண்டு பர்லு” என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கந்தர் சஷ்டி கவசம் என்று நினைத்து நகர்ந்து வழிவிட்டார்கள்.

விளிம்பு பின்னுகிற வரை எவரும் பின்னிவிடலாம். சிஸ்டர் அதற்கெல்லாம் பாராட்டு வைப்பதில்லை. அவர் காத்திருப்பது குதிகாலுக்கு. பெரியவர் சாக்ஸ் என்றால் சுற்றுக்கு அறுபத்து நான்கு கண்ணி. அதில் பாதி, முப்பத்திரண்டு, குதிகாலுக்கு. இதுவரை குழாயாக இறங்கி வந்த சாக்ஸ் இங்கே ஒரு முழங்கை வளைவு வளைய வேண்டும். வெட்டக் கூடாது, தைக்கக் கூடாது. ஒரே நூல். என்ன செய்வது?

வரிசையைப் பாதியில் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். இருபது கண்ணி வரை போய், கடைசியில் இரண்டை ஒன்றாக்கி இன்னொன்றைப் பின்னி, ஊசியில் இன்னும் பன்னிரண்டு கண்ணி காத்திருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். கற்றுக்கொள்கிறவர் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் கத்துவார்: “சிஸ்டர், வரிசை முடியலையே!” சிஸ்டர் தலையை நிமிர்த்தாமல், “நான் சொன்னேனா முடிக்கச் சொல்லி? திரும்பு” என்பார். அந்தப் பக்கம் ஏழு கண்ணி மட்டும், மறுபடி திரும்பு. இந்தப் பக்கம் எட்டு; திரும்பு. ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் விட்டுப்போன கண்ணியில் இரண்டிரண்டாக உள்ளே வரும். பார்ப்பதற்குத் தப்பு மேல் தப்பாகத்தான் தெரியும். முப்பத்திரண்டு கண்ணி பதினெட்டாகக் குறைந்து நிற்கும்போது குனிந்து பார்த்தால், உள்ளங்கையில் குழிவாக ஒரு கிண்ணம். விரலை விட்டுப் பார்த்தால் குதிகால்! அந்த நேரத்தில் எல்லார் முகத்திலும் ஒரே அசட்டுச் சிரிப்பு வரும். அரசு அலுவலர், ஆட்டோக்காரர், எம்.பி.பி.எஸ். மாணவர், யாராக இருந்தாலும் அதே சிரிப்பு. எனக்கு இந்த இனத்தின் மேல் எத்தனையோ புகார் உண்டு. அந்தச் சிரிப்புக்காக எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிடலாம் என்றும் தோன்றுகிறது. சிஸ்டர் அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்.

பச்சிளங்குழந்தை சாக்ஸ் என்றால் மட்டும் அவருடைய பழைய உத்தியோகம் திரும்ப வந்துவிடும். குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் ஒட்ட வைத்துக்கொள்ளும் கங்காரு முறை 1978-வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் தொடங்கியது. அதில் குழந்தைக்கு நாப்கின் தவிர உடுப்பு என்று இருப்பது தொப்பியும் சாக்ஸும்தான். அதனால் கோரிமேட்டு வெயிலில் சாக்ஸ் நியாயமாகத் தேவைப்படும் ஒரே கால் அந்தக் கட்டைவிரல் அளவுக் கால்தான். சீடர்கள் பின்னிக் கொண்டு வருவதைச் சிஸ்டர் அழகு பார்க்க மாட்டார். உள்பக்கத்தை வெளியே திருப்பி, சுண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவுவார்.

“இது இன்னா பிசிறு? ஒரு நூல் தொங்கக் கூடாது கண்ணு. விரலைச் சுத்திக்கும். சுத்தினா ரத்த ஓட்டம் நின்னுடும். குழந்தை ஏன் அழுவுதுன்னு தெரியாம நீ கிரைப் வாட்டர் ஊத்திகினு இருப்பே.”

சொல்லிவிட்டு, அத்தனையையும் பிரிப்பார். மூன்று நாள் வேலை மூன்று நிமிஷத்தில் நூலாகிவிடும். எதிரே நிற்பவர் கண்ணில் நீர் முட்டும். இழுத்த நூலை மறுபடி பந்தாகச் சுற்ற வேண்டுமல்லவா? “கையை நீட்டு.”

இதே கறார் சர்க்கரைக்காரர்களின் சாக்ஸுக்கும் உண்டு. கால் மரத்துப்போனவருக்கு விரல் நுனியில் தையல் தடிப்பு உறுத்தினாலும் தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும். ஆகவே தடிப்பே இல்லாமல் நுனியை இணைக்கும் ஒரு முறையைச் சிஸ்டர் சொல்லித் தருகிறார். முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் பெயர் அதற்கு. பதுங்குகுழிச் சேற்றில் நின்று நின்று சிப்பாய்களின் கால் அழுகிய போர் அது. ஊர் ஊராகப் பெண்கள் சாக்ஸ் பின்னி அனுப்பினார்கள். பிரான்ஸுக்காக அந்தப் போருக்குப் போன எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. “அவங்க காலுக்கும் முகம் தெரியாத ஒரு பொம்பள பின்னியிருப்பா” என்பார் சிஸ்டர், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. பிறகு உடனே, “நீ ஏன் நிறுத்திட்ட? பின்னு.”

பிரான்ஸ் பேச்சு வந்தால் பார்சல் பேச்சும் வரும். சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள், உள்ள ஊர். சிஸ்டருக்கும் பாரிஸ் புறநகரில் பேரப்பிள்ளைகள் உண்டு. வருஷம் தவறாமல் போஸ்ட் ஆபீஸ் வழியாகச் சாக்ஸ் பறக்கிறது. அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள் என்பது அம்மாக்காரிக்கு மட்டும் தெரிந்த குடும்ப ரகசியம். வாட்ஸ்அப்பில் வீடியோ கால் அடித்தால் முதலில் தெரிவது வீட்டுக் கூரை, அப்புறம் சோபா, அப்புறம் மூச்சு வாங்கும் இரண்டு பிள்ளைகள். காலில் சாக்ஸ் இருக்கும். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

உள்ளூரில் நிரந்தர வாடிக்கையாளர் வீட்டு ஐயாதான். காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்ற அவர், பூட்ஸைக் கழற்றிய அன்றே இனி செருப்புத்தான் என்று சபதம் எடுத்தவர். “செருப்புக்கு எவனாவது சாக்ஸ் போடுவானா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார். சிஸ்டர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள எகிப்துச் சாக்ஸ். சிவப்புக் கம்பளி, 1,600 ஆண்டுகளுக்கும் பழையது. கட்டைவிரல் தனியாகப் பிரிந்திருக்கிறது, ஏனென்றால் செருப்போடு போடுவதற்காகச் செய்தது. ஐயா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தடயம் மறுக்க முடியாததாக இருந்தது. இப்போது பட்டானூர்ப் பக்கம் வாக்கிங் போகும்போது அவர் காலைப் பார்க்கிறவர்கள் ஏதோ அறுவை சிகிச்சை என்று எண்ணி நலம் விசாரிக்கிறார்கள்.

சிஸ்டருக்கு எதிரிகள் இருவர். ஒன்று மெஷின். 1589-இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் இயந்திரம் செய்துகொண்டு போனபோது, கைவேலைக்காரர்கள் பிழைப்புப் போய்விடும் என்று எலிசபெத் ராணி காப்புரிமை தர மறுத்தாராம். சிஸ்டர் மதிக்கும் ஒரே அரசியல்வாதி அந்த அம்மாள். அந்த இயந்திரத்தின் கொள்ளுப்பேரன்கள்தான் இன்று திருப்பூரில் இரவு பகலாக ஓடுகின்றன. ஞாயிறு மார்க்கெட்டில் மூன்று ஜோடி நூறு ரூபாய்க்குக் கூவி விற்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு ஜோடிக்கு ஆகும் உல்லன் விலையே அதற்கு மேல் போகும் என்ற கணக்கு அவருக்கும் தெரியும். “மெஷினு உன்கிட்ட சர்க்கரை எவ்ளோன்னு கேக்குமா?” என்று முடித்துவிடுவார்.

இன்னொரு எதிரி குரோஷா கட்சி. ஐந்து ஊசிக்கு எதிராக ஒரே கொக்கி ஊசி. அடுத்த தெரு டீச்சர் அந்தக் கட்சி. சென்னையில் 2016 ஜனவரி 31-இல் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரு போர்வை பின்னி கின்னஸில் ஏறியதை அவர் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். சுபஸ்ரீ நடராஜன் தலைமையில் ஆயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்து சாதித்தது; பெரிய காரியம்தான், மறுக்க முடியாது. சிஸ்டரும் மறுக்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, ஒரு வரிசையையும் முடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: “எல்லாம் சரி டீச்சர். அதுல குதிகால் இருக்கா?”

சீடர்களின் நோய் ஒன்றுதான். ஒரு சாக்ஸை முடித்தவருக்கு இரண்டாவதைத் தொடங்க மனம் வராது. ஊரில் வீட்டுக்கு வீடு ஒற்றைச் சாக்ஸ் கிடக்கிறது. சிலர் அதில் டிவி ரிமோட்டைப் போட்டு வைக்கிறார்கள், ஒரு வீட்டில் ரேஷன் கார்டு. சிஸ்டர் இதற்கும் வழி கண்டுவிட்டார். ஒரே அளவில் ஒற்றை வைத்திருக்கும் இரண்டு பேரைப் பிடித்து ஜோடி சேர்த்துவிடுகிறார். அப்படி இடது சாக்ஸ் வைத்திருந்த ஒரு லேப் டெக்னீஷியனுக்கும் வலது வைத்திருந்த ஒரு பார்மசிஸ்டுக்கும் பேச்சு வளர்ந்து, இரண்டு வீட்டாரும் இப்போது நாள் பார்க்கிறார்களாம். எது இடது எது வலது என்று கேட்காதீர்கள். சாக்ஸுக்கு அது கிடையாது என்பது காதலிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

ஆனால் போன வாரம் நான் பார்த்ததுதான் இந்தத் தொற்று எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அவசரமாக பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். ஸ்டாண்டில் முதல் ஆட்டோ. டிரைவர் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காக்கிச் சட்டைப் பையில் நூல் பந்தோடு குனிந்திருந்தார்.

“பஸ் ஸ்டாண்ட் போகணுங்க.”

“திரும்பிகினு இருக்கேன் சார். அஞ்சு நிமிஷம்.”

வண்டி அசையவில்லை. திரும்பிக்கொண்டிருந்தது குதிகால் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பின்னால் நின்ற ஆட்டோவைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டில் சிட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஆட்டோ காலியாக இருந்தது. “அவன் நூல் வாங்க நேரு வீதிக்குப் போயிருக்கான்” என்றார் முதலாமவர்.

“சரி, எவ்வளவு ஆகும்?”

“நூத்தம்பது குடு சார்” என்றவர், கண்ணியை எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து என் காலைப் பார்த்தார். “எட்டாம் நம்பரா, ஒம்பதா?”