நவம்பர் மாத நிரூபணம்

மத்திய அரசு ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். எண்பது கடந்தவர்கள் அக்டோபரிலேயே தொடங்கிவிடலாம். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகுமோ என்ற முன்யோசனை போலும். 2014இல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்தது. இயந்திரத்தில் விரலை வைத்தால் போதும் என்றார்கள். காலமெல்லாம் ஃபைல் புரட்டித் தேய்ந்த விரலில் ரேகைக்கு எங்கே போவது? “சார், நான்தான் வந்திருக்கேன்” என்று நேரில் நின்று சொன்னாலும் இயந்திரம் ஒப்ப வேண்டுமே. பிறகு முகத்தைக் காட்டினால் போதும் என்று வந்தது. கைப்பேசி கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. கண்புரை அறுவை முடிந்த தாத்தா சிமிட்டுகிறார். “இன்னொரு தடவை, தாத்தா” என்கிறான் பேரன்.

ரயில்வேயிடம் இப்படி எதையும் நிரூபிக்கும் தொல்லையே இல்லை. மூத்தவர்களில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த கட்டணச் சலுகையைக் கொரோனாவைக் காட்டி 2020 மார்ச்சில் நிறுத்தியது. வயதானவர்கள் வீணாக அலையக் கூடாதென்ற அக்கறை. கொரோனா போய்விட்டது, அக்கறை போகவில்லை. மூத்த குடிமக்கள் சங்கங்கள் மனு மேல் மனு போடுகின்றன. பயணிகள் எல்லோருக்கும்தான் மானியம் தருகிறோமே என்று நாடாளுமன்றத்தில் பதில் வருகிறது. அப்படிப் பார்த்தால், கீழ் பெர்த்தை விட்டுக்கொடுக்காத கல்லூரிப் பையனும் மூத்த குடிமகன்தான்.