ஒன்பது மதிப்பெண் பன்

ஹாங்காங்கின் சியுங் சாவ் தீவில் ஒரு காலத்தில் பன் எடுப்பதற்குக் கைகால் முறிய வேண்டியிருந்தது. இப்போது விண்ணப்பப் படிவம் போதும்.

சீன நாட்காட்டியின் நாலாவது மாதம், எட்டாம் நாள் திருவிழா. 1783இல் கட்டிய பாக் தாய் சாமி கோயிலுக்கு முன்னால் மூன்று மூங்கில் கோபுரங்கள் நிற்கும். அடி முதல் நுனி வரை ஆவியில் வெந்த வெள்ளை பன்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பு மையில் 'அமைதி' என்று முத்திரை. அந்த அமைதிக்காகத்தான் இளவட்டங்கள் நள்ளிரவில் ஒருவர் தோளை ஒருவர் மிதித்து ஏறினார்கள். எவ்வளவு உயரத்துப் பன்னோ அவ்வளவு அதிர்ஷ்டம். 1978இல் ஒரு கோபுரம் சரிந்து பலருக்குக் காயம். ஏறவே கூடாதென்று அரசு தடை போட்டது.

நான் போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளில். கோபுரம் இருந்தது, ஏற ஆளில்லை. படகுத்துறைக் கடைக்காரத் தாத்தா மட்டும் சட்டைக்கையைச் சுருட்டி முழங்கைத் தழும்பைக் காட்டுவார். அவர் பறித்த பன் வருஷத்துக்கு வருஷம் உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

2005இல் ஏற்றம் திரும்பி வந்தது. கூடவே இரும்புக் கோபுரம், இடுப்பில் கயிறு, பயிற்சி வகுப்பு. மூன்று நிமிஷம் கெடு. உச்சிப் பன்னுக்கு 9 மதிப்பெண், நடுவில் 3, கீழே 1. தெய்வம் கணக்குப் பார்க்காமல் கொடுத்ததை இப்போது நடுவர் கூட்டிக் கழித்துக் கொடுக்கிறார். 2007 முதல் போட்டிப் பன் பிளாஸ்டிக். மழையில் ஊறாது, எறும்பு மொய்க்காது. தின்ன முடியாது என்பது சின்னக் குறை.

ஏறத் தடை என்பது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. தெற்கு மேட்டில் வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் காற்றோட்டமாக வீடு கட்டியிருந்தார்கள். ஆளுநரின் அனுமதி இல்லாமல் சீனர்கள் அங்கே குடியிருக்கக் கூடாதென்று 1919இல் சட்டம் வந்தது. சட்டசபையில் இருந்த சீன உறுப்பினர்கள் எதிர்த்தும் பயனில்லை. எல்லைக்கு 15 கல் நட்டார்கள். மீன் பிடித்தவன் கீழே, மீன் தின்றவர் மேலே. சட்டம் 1946இல் ஒழிந்தது. மிஞ்சியிருக்கும் கற்களை இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தேடிப் பிடிக்கிறது. குச்சியில் குத்திய மீன் உருண்டையை ஒரு கையில் பிடித்தபடி, கல்லின்மேல் ஒரு காலை வைத்து, படம் எடுத்துக்கொள்கிறது. சட்டம் போட்டவர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். கார் ஓடாத தீவில் சந்துக்கு ஏற்ற குட்டி ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போகும்.

இந்த ஊர்ப் பெண் லீ லாய்-ஷான் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பாய்ப்பலகைப் போட்டியில் வென்றதுதான் ஹாங்காங்கின் முதல் தங்கம். அவருக்கு யாரும் கயிறு கட்டிவிடவில்லை.

திருவிழா நாட்களில் தீவு சைவம். மெக்டொனால்ட்ஸே பாக் தாய்க்குப் பணிந்து காளான் பர்கர் போடுகிறது. ஹாங்காங்கில் சைவச் சாப்பாடு தேடிக் களைத்த என் மனைவி முதல் தடவை அதைக் கடித்துவிட்டு, "ஏங்க, பேசாம இங்கேயே வீடு பார்த்துடலாமா?" என்றாள். வாடகையைச் சொன்னேன். திருவிழா முடிந்ததும் மாட்டிறைச்சி திரும்பிவிடும் என்பதையும் சொன்னேன். வாடகைகூடப் பரவாயில்லை என்றாள்.