மேசைக்குக் கீழே பார்: துபாய்ப் பாகிஸ்தானி உணவகங்களில் மலிவும் ருசியும் – ஓர் ஆய்வு

பெருநகரத்தில் நல்ல சாப்பாடு கிடைப்பது அரிதன்று. மலிவான சாப்பாடு கிடைப்பதும் அரிதன்று. இரண்டும் ஒரே தட்டில் வந்து உட்காருவதுதான் அரிது. அப்படி உட்காரும் கடையை, உள்ளே போய் மாட்டிக்கொள்வதற்கு முன், வாசலில் நின்றபடியே இனங்காண முடியுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. முடியும் என்பது இக்கட்டுரையின் துணிபு. களம் துபாய்; பொருள் பாகிஸ்தானி உணவு.

ஆய்வெல்லை வருமாறு: வடகிழக்கே தேராவின் நைஃப் சாலை, தென்மேற்கே சத்வா, நடுவே பர் துபாயும் கராமாவும். குறுக்கே கிடக்கும் க்ரீக்கைத் தாண்ட ஒரு திர்ஹம் அப்ராப் படகு போதும் என்பதால் போக்குவரத்துச் செலவு முடிவுகளைப் பாதிக்காது. டாக்ஸியில் போனால் பாதிக்கும். அதன் குறைந்தபட்சக் கட்டணமே ஒரு தட்டு தால் ஃப்ரையின் விலையைத் தொட்டுவிடும். பிறகு மலிவு பற்றிப் பேச ஆய்வாளனுக்கு என்ன தகுதி?

முதன்மைத் தரவுகள் அந்தந்த இடத்திலேயே உண்ணப்பட்டன. துணைமைத் தரவுகள் பார்சல் கட்டி எடுத்துவரப்பட்டு, மறுநாள் சூடாக்கி ஆராயப்பட்டன. நிதிநல்கை எதுவும் பெறப்படவில்லை. ஆகவே மாதத்தின் முதல் வாரத்துத் தரவுகளில் ஆட்டுக்கறி மிகுந்தும், கடைசி வாரத்துத் தரவுகளில் பருப்பு மிகுந்தும் காணப்படும். இது ஆய்வின் குறையன்று, சம்பளத்தின் இயல்பு. நெறியாளராக அமைந்தவர் கீழக்கரைக்காரர். எங்கள் பேச்சிலர் ரூமில் ஜன்னலோரக் கீழ்க்கட்டில் அவருடையது. ரூம் முழுக்க அவரை, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றே அழைக்கும். பட்டம் எதுவும் பெறாதவர். ஆனால் 2009இல் மெட்ரோ ஓடத் தொடங்கியதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வெளிச்சாப்பாட்டில் உடல் வளர்த்தவர்.

முன்னாய்வுகள் என்று பார்த்தால் கைபேசியில் குவிந்து கிடக்கும் நட்சத்திரங்கள்தாம். அவற்றின் பெருங்குறை, எழுதுபவர் யார் என்பது. ஒரு கடையில் ஒரே ஒருமுறை சாப்பிட்டவர்தான் விமர்சனம் எழுதுகிறார். தினம் இரண்டு வேளை அங்கே சாப்பிடுபவர் ஒரு வரிகூட எழுதுவதில்லை. மெஸ் சாப்பாட்டுக்கு எவர் நட்சத்திரம் போட்டார்? எனவே நட்சத்திரங்களை விட்டுவிட்டுப் புகார்களை மட்டும் படிப்பதே ஏற்ற முறை. ‘சர்வர் சிரிக்கவில்லை’, ‘எதிரே முன்பின் தெரியாத ஆளை உட்கார வைத்துவிட்டார்கள்’, ‘டியூப்லைட் கண்ணைக் கூசுகிறது’ ஆகிய மூன்றும் ஒருசேர வந்தால் அக்கடையைக் குறித்துக்கொள்க. ‘இறைச்சி வேகவில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தாலும் அடித்துவிடுக.

அடுத்து பெயர்ப்பலகை. இவ்வகைக் கடைகளுக்கு ஊர்ப்பெயர் வைப்பது பெருவழக்கு: லாகூர், கராச்சி, பெஷாவர். ‘தர்பார்’ என்று முடிவது இன்னொரு வழக்கு. டெல்லி தர்பாரும் உண்டு, கராச்சி தர்பாரும் உண்டு. பெயரை வைத்து ருசியைச் சொல்ல இயலாது. பெயருக்குக் கீழே இருக்கும் சிறிய எழுத்துகளை வைத்துச் சொல்ல இயலும். பாகிஸ்தானி, இந்தியன், சைனீஸ், அரபிக் என்று பலகையில் நாடுகள் ஏற ஏற, கறியின் காரியம் இறங்கிக்கொண்டே போகும். நான்கு நாடுகளை ஆளும் சமையற்கட்டில் எந்த நாட்டுக்கும் ஒழுங்கான அடுப்பு இருப்பதில்லை. தனி ஒரு தந்தூர், அதன் பக்கத்தில் மாவு உருண்டைகளோடு வியர்த்து நிற்கும் ஒரு மனிதர், இவ்விரண்டும் தெருவிலிருந்தே கண்ணில் பட்டால் பலகையைப் படிக்கவே வேண்டியதில்லை.

இங்கேதான் நெறியாளர் தம் கோட்பாட்டை வழங்கினார். “தம்பி, போர்டப் பாக்காதீங்க. குனிஞ்சு மேசைக்குக் கீழ செருப்பப் பாருங்க.”

விளக்கம்: பெஷாவரிச் செருப்பு என்பது குறுக்குப் பட்டைகள் வைத்து, வண்டி டயரை அறுத்து அடி போட்டுச் செய்த தடித்த தோற்செருப்பு. அதைப் போட்டவர் சுற்றுலாவுக்கு வந்தவராக இருக்க மாட்டார். ஷிஃப்ட் முடித்து, சல்வார் கமீஸுக்கு மாறி, பசியோடு வந்தவர். அவர் தங்கியிருக்கும் அறையில் பெரும்பாலும் தனக்கென்று அடுப்பு கிடையாது. ஆகவே அவருக்கு இக்கடை ‘வெளியே போய்ச் சாப்பிடும்’ இடமாக இல்லாமல் வீட்டுச் சமையலறையின் இடத்தில் இருக்கிறது. மேசைகளுக்குக் கீழே இவ்வகைச் செருப்புகள் பாதிக்கு மேல் தென்பட்டால் தயங்காமல் உள்ளே செல்க. இதனைக் காலணிக் கோட்பாடு என்று பெயரிட்டோம்.

இதற்கு ஒரு கடா: “ருசி அவர்களுக்குத் தெரியும், சரி, விலை ஏன் குறைவாக இருக்கவேண்டும்?” விடை: ரொட்டிக் கணக்கு. ஒருவர் நாளைக்கு ஐந்து ரொட்டி சாப்பிடுவதாகக் கொள்வோம். ரொட்டிக்கு ஒரு திர்ஹம் ஏற்றினால் மாதம் நூற்றைம்பது திர்ஹம். அது ஊருக்கு அனுப்பும் பணத்திலிருந்து போகவேண்டும். ஏற்றிய அன்று மாலைக்குள் செய்தி எல்லா அறைக்கும் போய்விடும். மறுநாள் கூட்டம் எதிர்வரிசைக் கடையில் இருக்கும். முதலாளி லாபத்தைத் தட்டில் தேடாமல் தலைகளில் தேட வேண்டியவர் ஆகிறார். பச்சைச் சட்னி கலந்த தயிரும் வெங்காயம், வெள்ளரி, எலுமிச்சை அடுக்கிய தட்டும் கேட்காமலே, காசில்லாமல் வந்து விழுவதும் இதே போட்டியால்தான். 2018 தொடக்கத்தில் ஐந்து சதவீத வாட் வரி வந்தபோது இவ்வகைக் கடைகளில் நிலவிய துக்கத்தைப் பொருளாதார வல்லுநர் எவரும் பதிவு செய்யாதது வருத்தத்துக்குரியது.

காலணிக் கோட்பாட்டின் கிளைதான் டாக்ஸிக் கோட்பாடு. துபாய் டாக்ஸி ஓட்டுநர்களில் பெஷாவர், சுவாத் பக்கத்துப் பட்டாணியர் நிறையப் பேர். நீண்ட ஷிஃப்ட்டின் நடுவே அவர்களுக்கு வேண்டியவை மூன்று: வண்டி நிறுத்த இடம், கழிவறை, உட்கார்ந்த உடனே தட்டு. கடை வாசலில் வரிசையாக டாக்ஸி நின்றால் இம்மூன்றும் உண்டு என்பது பெறப்படும். ஆனால் ருசி உண்டு என்பது தானாகப் பெறப்படாது. அவசரத்தில் இருப்பவன் சில சமயம் பார்க்கிங்கைத்தான் சாப்பிடுகிறான். ஆகவே டாக்ஸியைவிடச் செருப்பே வலுவான சான்று.

இனி, தட்டுக்கு வருவோம். நிஹாரியைத் தனியே ஆராயாத ஆய்வு முழுமை பெறாது. காலுக்குரிய கெட்டித் தசையும் நல்லி எலும்பும் இரவு முழுக்க மெல்லிய தீயில் கிடந்து, கோதுமை மாவு கரைத்து ஊற்றிய குழம்பில் இழைந்து, விடியும்போது கரண்டி பட்டாலே பிரியும் பதத்துக்கு வரவேண்டும். டெல்லி நகரத்தின் பதார்த்தம் இது. 1947 பிரிவினையில் அங்கிருந்து போனவர்களோடு கராச்சி போய், கராச்சிக்காரர்களோடு வளைகுடாவுக்கு வந்தது. மசாலாவில் சோம்பு உண்டு, சுக்கு உண்டு. அவற்றோடு திப்பிலியும் உண்டு. நாட்டுமருந்துக் கடையில் இருமலுக்குப் பொட்டலம் கட்டித் தருவார்களே, அதே திப்பிலிதான். முதல் வாய்க்குக் காரம் தெரியாது. விழுங்கி முடித்துத் தண்ணீர்ச் செம்பை எடுக்கும்போதுதான் தொண்டையின் அடியில் அது மெல்ல எழுந்து நிற்கும். மேலே சிவந்த எண்ணெய் மிதக்கும். அதன்மேல் குச்சி குச்சியாக நறுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், மல்லித்தழை. எண்ணெயைக் கண்டு முகம் சுளிப்பவர் இந்த இயலைத் தாண்டிச் செல்லலாம்.

இத்தகைய பண்டத்தின் இலக்கணம், ஒரு முறைதான் வைக்க முடியும் என்பது. தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதிலிருந்து ‘கலாஸ் குறியீடு’ பிறக்கிறது; கலாஸ் என்றால் அரபியில் ‘முடிந்தது’. களத்தில் பதிவான உரையாடல்:

“பாய், மெனு கார்டு?”

“மெனு எதுக்கு பாய்? நிஹாரி இருக்கு, சனா இருக்கு. பாயா கலாஸ்.”

இல்லை என்று ஒன்றையாவது சொல்லும் கடையை நம்பலாம். பதினொரு மணிக்கு மேல் எது கேட்டாலும் இருக்கிறது என்று தலையாட்டும் கடையில், அது எப்போது செய்யப்பட்டது என்ற வினாவுக்கு விடை கிடைக்காது.

கடாய்க் கறிக்கு இதற்கு நேர்மாறான விதி. அது எடைக்கணக்கில், அரைக் கிலோ, ஒரு கிலோ என்று விற்பது. சொன்ன பிறகுதான் கடாய் அடுப்பில் ஏறவேண்டும். தக்காளி உடைந்து, நீர் வற்றி, நெய் பிரிய அரைமணி நேரமாவது பிடிக்கும். பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டால் அது கடாயில் பரிமாறப்பட்ட வேறு ஏதோ குழம்பு. பெஷாவர் பக்கத்து ஷின்வாரிக் கடாய் இன்னும் கறாரானது: ஆட்டுக்கறி, தக்காளி, பச்சை மிளகாய், உப்பு ஆகியவை கொழுத்த வாலுள்ள தும்பா ஆட்டின் கொழுப்பிலேயே வதங்கும். மசாலாப் பொடி வாசமே கிடையாது. ஆம்பூர், திண்டுக்கல் என்று வளர்ந்த நாக்குக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். கறி நல்ல கறியாக இருந்தால் ஒன்றும் சேர்க்க வேண்டாம் என்பதை அந்த நாக்கு ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நாள் ஆகும். கராச்சிப் பிரியாணியில் உருளைக்கிழங்கு கிடப்பது பற்றியும் இதே பொறுமை தேவை. எனினும் அந்த உருளைக்கிழங்கை இவ்வாய்வாளன் இன்றுவரை ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

காலவியல் சிக்கல் ஒன்றும் உண்டு. ஹல்வா பூரிக் காலைப் பலகாரம் துபாயில் வெள்ளிக்கிழமைக்குரியதாக இருந்தது. 2022 ஜனவரியில் அரசாங்கம் வாரவிடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. வெள்ளி அரைநாள் வேலைநாளாயிற்று. பூரி எந்த நாளில் உப்பவேண்டும் என்பதில் கடைக்குக் கடை வேறுபாடு தோன்றியது. சில கடைகள் வெள்ளியிலேயே நின்றன, சில ஞாயிறுக்குப் போயின, கெட்டிக்காரக் கடைகள் மூன்று நாளும் போட்டன.

அதே 2022, துபாயின் உணவு வரலாற்றில் வேறு இரண்டு நிகழ்ச்சிகளாலும் நினைக்கத்தக்கது. மிஷலின் வழிகாட்டி முதன்முறையாக இந்நகருக்கு வந்தது. அடிடாஸ் நிறுவனம் ராவி உணவகத்தின் பெயரில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு ஷூ வெளியிட்டது. நம் ஆய்வுக்கு இரண்டாவதே முக்கியம். ராவி, 1978இல் சத்வாவில் தொடங்கிய கடை. லாகூரைத் தொட்டு ஓடும் நதியின் பெயர். நடைபாதையில் மேசை போட்டுத் தால், கடாய், ரொட்டி என்று விற்றே உலகப்புகழ் அடைந்தது. சாப்பாட்டின் பேரில் எனக்குக் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் காலணிக் கோட்பாட்டை அது திணறடித்துவிட்டது. மேசைக்குக் கீழே குனிந்தால் பெஷாவரிச் செருப்பு, ஓட்டுநரின் கறுப்பு ஷூ, வெள்ளைக்காரரின் ஹவாய்ச் செருப்பு என எல்லா இனமும் கலந்து கிடக்கிறது. போதாக்குறைக்குக் கடையே ஷூவாகிவிட்டது. நெறியாளரிடம் இதை முறையிட்டபோது, “ஊருக்கே தெரிஞ்ச கடைய எதுக்குத் தம்பி கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டார். எனவே ராவி தரவுகளிலிருந்து நீக்கப்பட்டது. பசித்தபோது மட்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

மேலாய்வுக்குரியது ஷார்ஜா. அங்கே எல்லாமே இதைவிட மலிவு என்று ஷார்ஜாவில் குடியிருப்பவர்கள் அனைவரும் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். ஆனால் மாலையில் அல் இத்திஹாத் சாலையில் வண்டிகள் ஊர்வதைக் கணக்கிட்டால் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் கலாஸ் ஆகிவிடும். காரில் போனால் சாலிக் என்னும் சாலைச் சுங்கம் வேறு. ஷார்ஜாவில் ரூம் எடுத்துத் தங்கி ஆராய முன்வரும் ஆய்வாளர் எவரேனும் இருப்பின், காக்கா நெறிப்படுத்தச் சம்மதித்திருக்கிறார். கடாய்ச் செலவு ஆய்வாளருடையது.