இப்ப இன்னா ஓடுது?

ஆரணியில் ஒருவர் வீட்டில் என்ன பாட்டு கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள அவரைக் கேட்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் போதும். நெசவுத் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் சாமி படம் விழும். பாட்டு எம்மாத்திரம்?

இருந்தாலும் சாயங்காலம் கோட்டை மைதானத்தில் கூடும் எங்கள் ரசிகர் கூட்டம் இதைக் கண்டுகொள்வதே இல்லை. "இப்ப வீட்ல இன்னா ஓடுது சார்?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கேட்கிறவருக்கும் பதில் முன்பே தெரியும். ஆனாலும் சொல்கிறவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணைப் பற்றிச் சொல்கிற தோரணையில்தான் சொல்வார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதில் மன்னன். "செம்மங்குடி. தோடி. இப்பல்லாம் வேற எதுவும் காதுல ஏற மாட்டேங்குது" என்பார். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பட்டு முறுக்குகிறவர், நல்ல மனிதர். அந்த நேரம் பார்த்து வானத்தில் கொக்கு போகிறதா என்று பார்ப்பார். முந்தின ராத்திரி சுவரைத் தாண்டி வந்தது எல்.ஆர். ஈஸ்வரியின் கிளப் டான்ஸ் பாட்டு. ஒன்றல்ல, வரிசையாக. நடுநடுவே தலைமையாசிரியரின் கட்டைக்குரலும். ஒருமுறை யாரோ துணிந்து கேட்டே விட்டார்கள். "அது வீட்டுக்காரம்மா போட்டதுப்பா" என்றார். அம்மையார் அந்த வாரம் முழுக்கத் திருவண்ணாமலையில் மகள் வீட்டில் இருந்தார்.

ஆடி மாதத்தில் மட்டும் அவருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. படவேடு ரேணுகாம்பாளுக்கு ஆடி வெள்ளி வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வேப்பமரத்திலும் ஒரு குழாய் ஸ்பீக்கர் முளைக்கும். எல்லாவற்றிலும் ஈஸ்வரி அம்மாவின் அம்மன் பாட்டு. அதே குரல், அதே வீறு. அந்த மாதம் முழுக்கத் தலைமையாசிரியர் தைரியமாக, "ஈஸ்வரி கேக்குறேன்" என்று சொல்லிக்கொள்வார். எந்த ஈஸ்வரி என்று யாரும் கேட்பதில்லை.

தறிக்காரர்களிடம் இந்தப் பூச்செல்லாம் கிடையாது. எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவரின் குழித்தறியில், ஜக்கார்டு சட்டத்திலிருந்து பிளாஸ்டிக் பைக்குள் போட்ட போன் தொங்கும். தூசு படாது, சத்தம் மட்டும் வரும். இடுப்புவரை குழிக்குள் இருந்துகொண்டு காலால் மிதிப்பார்; வலது கை கயிற்றை இழுக்க நாடா குறுக்கே ஓடும்; இடது கை பலகையை இழுத்து அடிக்கும். "இப்ப இன்னா ஓடுது?" என்று கேட்டேன். "மாம்பழக் கலரு, பச்சை பார்டர்" என்றார். பாட்டைக் கேட்கிறேன் என்று விளக்கிய பிறகு, "அதுவும் அதேதான் சார்" என்று ஒரு சித்தாந்தத்தை அவிழ்த்தார்.

குத்துப்பாட்டு போட்டால் கை அதன் பின்னாலேயே ஓடிவிடுமாம். ஊடை ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். மெலடி என்றால் நெருக்கம் ஒரே சீராக விழும். "இந்தப் பொடவை உடம்பு முழுக்க ராஜா சார். முந்தி மட்டும் ரகுமான். பையன் வந்து போனை மாத்திட்டான்." முந்தியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு மயில்தான் தெரிந்தது. "உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு எந்த ஊரிலோ ஒரு பெண் மணவறையில் உட்காரப் போகிறாள். தன் தோளில் கிடப்பது ரகுமான் என்று அவளுக்கு யார் சொல்வது?

அவருக்கு உயிர், 'பாட்டு இல்லாத கேசட்'. 1986-இல் இளையராஜா வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்?' தொகுப்பைத்தான் அப்படிச் சொல்கிறார். தியாகராஜருக்கும் ஜெர்மனியின் இசைமேதை பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கிய தொகுப்பு அது, வயலினில் வி.எஸ். நரசிம்மன். அடுத்து, 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்'. இவற்றைப் பற்றிச் சென்னையில் கூட்டம் போட்டு மேல்நாட்டு இசையிலக்கணம் பேசுவார்கள். இவருடைய காரணம் ஒரே மூச்சில் முடிந்துவிடும்: "வரி இருந்தா வாய் பாடும். வாய் பாடினா கண்ணு போவும். கண்ணு போனா இழை போவும்." நான் படித்த இசை விமர்சனங்களில் இவ்வளவு கச்சிதமானது ஒன்றுமில்லை.

அவர் தறிக்கு மேலே அட்டைகள் சரஞ்சரமாகத் தொங்கும். அவற்றுக்கு ஓட்டை போட்டுத் தரும் பெரியவர் ஒருவர் மைதானத்துக்கு வருவார், அதிகம் பேச மாட்டார். ஒருநாள் எல்.பி. ரெக்கார்டு உசத்தியா, கேசட்டு உசத்தியா என்று சண்டை முற்றியபோது வாயைத் திறந்தார். "ஓட்டை இருந்தா இழை தூக்கும். இல்லாட்டித் தூக்காது. மயிலு, அன்னம், மாங்கா எல்லாம் நம்மகிட்டயும் ரெக்கார்டு ஆயித்தான் கீது" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் விஷயம் உண்மை. பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டுத்தறிக்காக ஜக்கார்டு 1800-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த இந்த ஓட்டை வேலையைத்தான் பிற்பாடு காகிதச் சுருளில் குத்தி, ஆளில்லாமல் தானே வாசிக்கும் பியானோவுக்குக் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் வழக்கம்போல, "அது எனக்குத் தெரியும்" என்றார்.

எல்.பி. கட்சிக்கு எங்கள் ஊரில் ஆள் குறைவு. பெரும்பான்மை கேசட் கட்சி. அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டரை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். வேண்டிய பாட்டையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால், அறுபது அல்லது தொண்ணூறு நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். அறுபது என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டெல்லாம் அந்த அளவுக்குள் அடங்கிக்கொள்ளும் என்று கடைக்காரருக்கும் நம்பிக்கை, நமக்கும் நம்பிக்கை. கடைசிப் பாட்டுக்குத்தான் நம்பிக்கை இருக்காது. இரண்டாவது சரணத்தின் நடுவில் 'டக்' என்று நாடா நின்றுவிடும்.

எங்கள் கூட்டத்தில் ஜரிகைக் கடைக்காரர் ஒருவருக்கு ஒரு பாட்டு அப்படித்தான் முடியும். முப்பது வருடமாக அதே இடத்தில் முடித்துவிட்டு வெற்றிலை போடுவார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மெல்லிசைக் குழு அதே பாட்டைப் பாடியது. இவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்து சரியான இடத்தில் நிறுத்தினார். அவர்கள் நிறுத்தவில்லை. "இன்னாயா இது, சொந்தமா சேத்துப் பாடுறானுங்க!" என்று என் பக்கம் திரும்பினார். உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்தி போட்டுவிட்டார்கள் என்று கைபிடித்து அழைத்துப் போனேன்.

கேசட்டுக்கும் முன்னால் தபால் அட்டை. விவித பாரதிக்கும் இலங்கை வானொலிக்கும் எழுதிப் போட்டு, தனக்குப் பிடித்ததை ஊரையே கேட்கவைத்த காலம். ஜார்க்கண்டில் ஜும்ரி திலையா என்ற அபிரகச் சுரங்க ஊர், பாட்டு கேட்டுக் கடிதம் எழுதியே இந்தியா முழுக்கப் பேர் வாங்கியது. எங்கள் தெருவும் தன்னால் ஆனதைச் செய்தது. 'விரும்பிக் கேட்ட நேயர்கள்' என்று தெருவில் இருக்கும் அத்தனை பேரையும் எழுதுவது எங்கள் வழக்கம். அப்படி ஒருமுறை ஒரு சம்பந்தி பெயர் விட்டுப்போனது. பாட்டு என்னவோ மூன்று நிமிடம். அந்த வீட்டார் இந்த வீட்டில் கைநனைக்காமல் இருந்தது இரண்டு பொங்கல்.

சௌராஷ்டிரர் தெருவில் டி.எம்.எஸ். பாட்டு ஓடினால் அதை ரசிப்பு என்று சொல்லக்கூடாது, உறவு. மதுரைக்காரரானாலும் அந்தச் சமூகத்தில் பிறந்தவர் ஆயிற்றே. கச்சேரி கட்சிக்கும் சினிமா கட்சிக்கும் சண்டை வரும்போது அந்தத் தெரு நண்பர் ஒருவர் எடுக்கும் ஆயுதம் வேறு: வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். 1781-இல் பிறந்தவர், சௌராஷ்டிரர், தியாகராஜரின் நேர் சீடர். எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வாலாஜாவில் அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் குருவின் கீர்த்தனைகளை எழுதிவைத்துக் காப்பாற்றினார்கள். அந்தச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையிடம் போய்ச் சேர்ந்தன. தனக்குப் பிடித்ததை அடுத்தவனுக்குக் கொடுத்தே தீருவது என்ற இந்தப் பைத்தியம் எங்கள் வட்டாரத்துக்கு எப்போது பிடித்தது என்று யாராவது கேட்டால் நான் அவரைத்தான் கைகாட்டுவேன்.

"எங்காளு எழுதி வெக்கலேன்னா உங்க செம்மங்குடி இன்னா சார் பாடியிருப்பாரு?" என்றார் நண்பர். தலைமையாசிரியர் முகம் சிவந்துவிட்டது. செம்மங்குடி கற்றது மகாராஜபுரம் விசுவநாதய்யரிடம், அவர் கற்றது உமையாள்புரம் சுவாமிநாதய்யரிடம், அது தனி வழி, வாலாஜா வழியே அல்ல என்று ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டிப் பாடம் எடுத்தார். அவ்வளவும் சரி. கிளப் டான்ஸ் கேட்கிற மனிதருக்கு இத்தனை தெரிந்திருக்கிறதே என்று அன்றைக்கு எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை கூடியது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் இப்போது ஒரு கட்டை விழுந்திருக்கிறது. எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பையன். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறான். காதில் எந்நேரமும் வெள்ளையாக இரண்டு குமிழ். சுவரில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்பதில்லை. தெரு கலவரப்பட்டுவிட்டது. "தலையை மட்டும் ஆட்டுறான், இன்னா கேக்குறான்னே தெரியலியே" என்று பெண்கள் குழாயடியில் பேச ஆரம்பித்தார்கள். காதல் என்றார்கள், ஷேர் மார்க்கெட் என்றார்கள், கொரியாப் பாட்டு என்றும் ஒரு வதந்தி. கடைசியில் பட்டு முறுக்குகிறவர் அவனை வழிமறித்து நேராகவே கேட்டார்.

"ஒண்ணும் ஓடலை மாமா. வெளியில ஓடுற பாட்டு கேக்காம இருக்கத்தான் மாட்டியிருக்கேன்."

யார் வீட்டுப் பாட்டைச் சொன்னான் என்பதுதான் இப்போது மைதானத்தில் வழக்கு. பையனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்றால் அவனுக்குக் காது கேட்பதில்லை. தலைமையாசிரியர் மட்டும் நிம்மதியாக இருக்கிறார். நிச்சயமாக அது தன் செம்மங்குடியாக இருக்காது என்கிறார். அந்த மட்டில் எங்களில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.